விளங்காத இறைவனும் விடாத விசுவாசமும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே மெல்லிய குரலில், ஆயினும் ஓயாது, கேட்கப்பட்டு வரும் வினா ஒன்று உண்டு. இறைவன் இருக்கின்றாரா என்று எம்மவரிற் பலர் கேட்பதில்லை. தாயின் மடியிலேயே சிலுவை அடையாளம் இடப் பழகியவர்க்கு அந்த ஐயம் எளிதில் எழுவதில்லை. அவர் இருந்தும், எல்லாம் வல்லவராக இருந்தும், அன்பே உருவானவராக இருந்தும், எமக்கு நேர்ந்தவை ஏன் நேர்ந்தன என்பதே அவ்வினா. மரண வீட்டிலே அது எழுகின்றது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்துக்கு மாலை இடுவதா, இன்னும் காத்திருப்பதா என்று தெரியாது தவிக்கும் தாயின் நெஞ்சிலே அது எழுகின்றது. அந்நிய மண்ணிற் பிறந்து, பெற்றோரின் துயரத்தை ஒளிப்படங்களில் மட்டுமே கண்ட பிள்ளைகளின் வாயிலும் அது எழுகின்றது.

இதற்கு முடிந்த விடை ஒன்றைக் கையில் வைத்திருப்பதாக எவரும் கூறத் துணிதல் கூடாது. எனினும், விடை கிட்டாத நிலையிலும் விசுவாசத்தைக் கைவிடாது வாழ்ந்தோர் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். அவர்கள் எதைப் பற்றி நின்றனர் என்று நோக்குவது எமக்குப் பயன் தரும். அவ்வாறு நோக்குவதற்கு, எமது மக்கள் பல்லாயிரவராய் வாழும் இத்தாலியின் பலேர்மோ நகரம் பொருத்தமான இடமாகும்.

மலையேறும் மக்கள்

பலேர்மோவின் வடக்கே, கடலை ஒட்டி, சுமார் 600 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது மொந்தே பெல்லெகிரினோ என்னும் மலை. பெல்லெகிரினோ என்ற சொல்லுக்கு யாத்திரிகன் என்பது பொருள். அம்மலையின் குகை ஒன்றிலே நகரின் காவலியாகிய புனித ரோசாலியாவின் திருத்தலம் அமைந்துள்ளது. 1980களில் இருந்து இந்நகருக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர், இம்மலையை வெகு விரைவிலேயே தமதாக்கிக் கொண்டனர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலையிலேயே குடும்பம் குடும்பமாக மலையேறும் தமிழரை இந்நகரத்தார் நன்கு அறிவர். கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் வெறுங்காலுடன் ஏறுகின்றனர். நேர்த்தி வைத்தோர் வருகின்றனர், நேர்த்தி நிறைவேறியோரும் வருகின்றனர், நிறைவேறாதோரும் வருகின்றனர்.

இம்மூன்றாம் வகையினரே எமது சிந்தனைக்கு உரியவர். கேட்டது கிடைத்தவர் நன்றி கூற வருவதில் வியப்பில்லை. கேட்டது கிடைக்காதவர் ஏன் மீண்டும் மலையேறுகின்றார்? அறியாமை என்று எள்ளி நகையாடுவோர் உளர். ஆனால் அக்குகையின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு எளிதிற் கூறிவிட மாட்டார்.

கொள்ளைநோயும் சவர்க்காரத் தொழிலாளியும்

ரோசாலியா பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, உயர்குடிப் பிறப்பையும் அரசவை வாழ்வையும் துறந்து குகையிலே தவம் இயற்றிய கன்னி என்பது மரபு. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய கல்லறை எங்கென்று எவருக்கும் தெரியாதிருந்தது. 1624ஆம் ஆண்டு பலேர்மோவிலே கொள்ளைநோய் பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சிசிலியை ஆண்ட அரசப் பிரதிநிதி எமானுவேலே பிலிபெர்த்தோவும் அந்நோய்க்கே இரையானார். நகரின் பழைய காவலியர் நால்வர்: கிறிஸ்தீனா, நின்பா, ஒலீவா, ஆகத்தா. நகரின் நடுவே நாற்சந்தியில், குவாத்திரோ கந்தி என்னுமிடத்தில், அவர்களின் சிலைகள் இன்றும் நிற்கின்றன. மக்கள் அவர்களை மன்றாடினர். நோய் நிற்கவில்லை.

அவ்வாண்டு யூலை 15ஆம் நாள் மலைக்குகையில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவை ரோசாலியாவின் எலும்புகளா என்று திருச்சபை ஆராய்ந்து கொண்டிருந்தது. நோய் அப்போதும் நிற்கவில்லை. 1625 பெப்ரவரியில், இளம் மனைவியைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த வின்செஞ்சோ பொனெல்லி என்னும் சவர்க்காரத் தொழிலாளி, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்துடன் அம்மலைமீது ஏறினான். அங்கே ரோசாலியா அவனுக்குத் தோன்றினார் என்றும், மனந்திரும்புமாறு பணித்துத் தம் எலும்புகளை நகர வீதிகளிலே பவனியாக எடுத்துச் செல்லும்படி பேராயருக்கு அறிவிக்குமாறு கூறினார் என்றும் மரபு சொல்கின்றது. அவன் மலையிறங்கினான். செய்தியைச் சொன்னான். சில நாட்களில் அவனும் அதே நோயால் இறந்தான். அவ்வாண்டு யூன் மாதம் கர்தினால் யான்னெத்தீனோ தோரியாவின் தலைமையிலே பவனி நடைபெற்றது. நோய் தணிந்தது. அன்று தொடங்கிய நன்றிவிழா யூலை மாதந்தோறும் நிகழ்ந்து, 2024இல் தன் நானூறாவது விழாவைக் கண்டது.

இக்கதையை அற்புதக் கதையாகக் கேட்டு மகிழ்வது எளிது. ஆனால் அதனுள்ளே உறுத்தும் முள் ஒன்று இருக்கின்றது. நோய் 1625இல் தணிந்தது என்றால், 1624இல் மாண்டோர் யாது செய்தனர்? அவர்களின் செபம் குறைவுடையதா? பொனெல்லியின் மனைவி என்ன பாவம் செய்தாள்? இக்கேள்விகளுக்குக் கதை விடை கூறவில்லை. பொனெல்லிக்கு மனைவி திரும்பக் கிடைக்கவில்லை; அவள் ஏன் இறந்தாள் என்ற விளக்கமும் கிடைக்கவில்லை. சாவதற்காக ஏறியவன், பிறர் வாழ்வதற்குரிய ஒரு செய்தியுடன் இறக்கி அனுப்பப்பட்டான். அவ்வளவே. ‘ஏன்’ என்ற வினா மலைமேலேயே நின்றுவிட்டது. ‘இனி யாது செய்வது’ என்பது மட்டும் அவனோடு இறங்கி வந்தது.

எமது மண்ணின் வினா

எமக்கும் அந்த முள் புதிதன்று. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள், இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி இடம்பெயர்ந்த மக்கள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சம் அடைந்திருந்த வேளை, விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1999 நவம்பரிலே மடுத் திருப்பதியில் தஞ்சமடைந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. அன்று விடுதிகளில் இறந்தோரையும் சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் பலியாயினர். சீயோனில் மாண்டோரிற் பலர் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்திருந்த சிறுவர்.

இங்கே வினா மேலும் கூர்மையடைகின்றது. இவர்கள் இறைவனை மறந்து திரிந்தோர் அல்லர்; அவருடைய இல்லத்திலேயே இருந்தவர்கள். அவர் காப்பார் என்று நம்பியே அவ்விடம் சென்றவர்கள்.

மடு அன்னையின் திருச்சொரூபமே ஏதிலியாக அலைந்த வரலாறு எம்மவர் அறிந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையில் இருந்து காட்டுவழியே மடுவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது அது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருக்கள் அதனைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர்; அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் அது மடுவுக்குத் திரும்பிற்று. அன்னை தம் பிள்ளைகளைக் காத்தார் என்பதிலும் பார்க்க, பிள்ளைகளோடு தாமும் இடம்பெயர்ந்தார் என்பதே அம்மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

2009 மே 18ஆம் நாள், சரணடைந்தோருடன் கூடவே சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அடிகளார் அதன்பின் காணப்படவில்லை. போர் முடிந்த பின் உறவுகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில், கந்தசுவாமி ஆலயத்தின் முன்றலில், தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். விடை அறியாமலே அவர்களிற் பலர் கண்மூடிவிட்டனர். இவ்வன்னையரிடம் சென்று ‘எல்லாம் நன்மைக்கே’ என்று கூறும் உரிமை எமக்கு இல்லை.

நண்பர்கள் செய்த பிழை

திருமறையிலே யோபுவின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது. பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலிலே அமர்ந்திருந்த யோபுவிடம் மூன்று நண்பர்கள் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் வாய் திறவாது அவனருகில் தரையில் இருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது சரியே. பின்னர் பேசத் தொடங்கினர். நீ பாவம் செய்திருப்பாய், அதனாலேயே தண்டனை என்று இறைவனுக்காக வழக்குரைத்தனர். யோபுவோ இறைவனோடு நேருக்கு நேர் வாதாடினான். தான் பிறந்த நாளையே சபித்தான். இறுதியில் இறைவன் எவர்மீது சினங்கொண்டார்? தம்மைக் காத்துப் பேசிய நண்பர்கள்மீதே. தம்மிடம் முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்று தீர்ப்பளித்தார். ஆயினும் யோபுவுக்கும் அவனது துன்பத்தின் காரணம் கடைசிவரை சொல்லப்படவில்லை என்பது கருதத்தக்கது.

இந்நண்பர்கள் இன்றும் எம்மிடையே உளர். மரண வீட்டிலே ‘கடவுள் சித்தம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுத் தேநீர் அருந்துவோர் உளர். ஊர் அழிந்தமைக்கு ஊரார் செய்த பாவமே காரணம் என்று போதிப்போர் உளர். போதிய விசுவாசம் இருந்திருந்தால் நோய் குணமாகியிருக்கும் என்று கூறி, துயருற்றோரின் தலைமேல் குற்றச் சுமையையும் ஏற்றுவோர் உளர். ‘எறிகணை வீழ்ந்தபோது இறைவன் என்னைக் காத்தார்’ என்று சாட்சி கூறுவோரும், அதே பதுங்குகுழியிலே பிள்ளையை இழந்தவர் அவ்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நன்றி கூறுதல் நன்றே. பிறருடைய இழப்புக்கு அது விளக்கமாகிவிடலாகாது.

முறையீடும் செபமே

எம்மவரிற் பலர், இறைவனிடம் கோபித்தல் பாவம் என்று அஞ்சி, உள்ளத்தில் இருப்பதை மறைத்து வாயினால் மட்டும் செபிக்கின்றனர். காலப்போக்கில் அச்செபமும் வற்றிப்போகின்றது. ஆனால் திருப்பாடல் நூலைப் புரட்டுவோர்க்கு வேறொன்று தெரியும். அதிலே புகழ்ச்சிப் பாடல்களோடு கூட, இறைவன் உறங்குகின்றாரா, மறந்துவிட்டாரா என்று கேட்கும் புலம்பல்களும் நிறைந்துள்ளன. 88ஆம் திருப்பாடல் ஆறுதலின் ஒரு சொல்லும் இன்றி இருளிலேயே முடிகின்றது. அதனை நீக்கிவிடாது திருமறையிலே காத்து வைத்தவர்கள், அவ்வாறு செபிக்கவும் மனிதனுக்கு இடமுண்டு என்று கருதியே அதனை எமக்கு விட்டுச் சென்றனர்.

இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில், துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என மும்முறை மன்றாடினார். அது அகலவில்லை. சிலுவையிலே, தாம் ஏன் கைவிடப்பட்டார் என்று 22ஆம் திருப்பாடலின் தொடக்கத்தைக் கொண்டே உரத்துக் கேட்டார். அவ்வேளை வானிலிருந்து விடை எதுவும் வரவில்லை என்றே நற்செய்தி காட்டுகின்றது. ஆகவே ‘ஏன்’ என்று கேட்பவன் விசுவாசத்துக்கு வெளியே போய்விடவில்லை. கிறிஸ்து நின்ற இடத்திலேயே அவன் நிற்கின்றான். உயிர்த்தெழுந்த பின்னும் அவருடைய காயங்கள் மறைந்துவிடவில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ளல் தகும்.

அக்காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமையார், தமிழ் மண்ணுக்கு வந்து மயிலாப்பூரிலே மறைசாட்சியாக மடிந்தவர் என்பது எமது மரபு. அவருடைய ஐயத்தைப் பற்றிப் பேசுவோர், ஒன்றைக் கவனிப்பதில்லை. நம்ப இயலாதிருந்த அந்த எட்டு நாட்களும் அவர் ஏனைய சீடரை விட்டு நீங்கிப் போய்விடவில்லை. அவர்களும் அவரைத் துரத்திவிடவில்லை. எட்டாம் நாள் ஆண்டவர் வந்தபோது அவர் அவ்வறையிலேயே இருந்தார். எமது சமூகங்களிலே ஐயுறுவோர்க்கு அத்தகைய இடம் இருக்கின்றதா? ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட இளையவரைப் பழிதூற்றுவோரைக் காண்கின்றோம். அவர் ஏன் வரவில்லை என்று வீடு தேடிச் சென்று கேட்போர் எத்தனை பேர்?

இருளிலே நடந்தவர்கள்

விசுவாசம் என்பது எந்நேரமும் இறை அருகாமையை உணர்ந்து இன்புறுதல் என்று எண்ணுவோர், அன்னை தெரேசாவின் வாழ்வை நோக்கல் வேண்டும். 1997இல் அவர் இறந்து பத்தாண்டுகளின் பின், 2007இல், ஆன்மகுருக்களுக்கு அவர் எழுதிய மடல்கள் வெளியாகின. கொல்கத்தாவின் வீதிகளிலே இறப்போரை அரவணைத்த அவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், குறுகிய இடைவெளி ஒன்றைத் தவிர, இறைவனின் அருகாமையை உணராது உள்ளிருளிலே வாழ்ந்தார் என்பது அப்போதே உலகுக்குத் தெரிந்தது. அவர் செபத்தை நிறுத்தவில்லை; பணியையும் நிறுத்தவில்லை. உணர்வு வற்றியபோதும் கை வற்றவில்லை. அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட 2016 செப்ரெம்பர் 4ஆம் நாள், பலேர்மோ மக்கள் ரோசாலியாவின் திருநாளுக்காக மலையேறும் நாளாகவும் அமைந்தது.

பலேர்மோ எமக்குக் காட்டும் இன்னொருவர் அருட்தந்தை ஜுசெப்பே புல்யீசி அடிகளார். நகரின் பிரங்காச்சோ பகுதியிலே பிறந்தவர்; 1990 முதல் அங்கேயே புனித கயேத்தானோ ஆலயத்தின் பங்குத்தந்தை. மாவியா கும்பல்களின் கோட்டையாக விளங்கியது அப்பகுதி. சிறுவரை அக்கும்பல்களின் பிடியிலிருந்து மீட்பதற்கென, 1993 சனவரியில், ‘எங்கள் தந்தை’ என்னும் பெயரில் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். முந்திய ஆண்டிலேதான் நீதிபதிகள் பல்கோனேயும் பொர்செல்லினோவும் மாவியாவின் குண்டுகளுக்கு இரையாகியிருந்தனர். இறைவன் எங்கே என்று பலேர்மோ மக்களும் கேட்ட காலம் அது. 1993 செப்ரெம்பர் 15ஆம் நாள், தமது 56ஆவது பிறந்தநாளன்று, வீட்டு வாயிலிலே புல்யீசி அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகளைக் கண்டதும் அவர் புன்னகைத்து, இதனைத் தாம் எதிர்பார்த்திருந்ததாகக் கூறினார் என்பதை, சுட்டவனே பின்னாளில் வெளியிட்டான். அந்தப் புன்னகை அவனை விட்டு நீங்கவில்லை. 2013 மே 25ஆம் நாள் பலேர்மோவிலே அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அவருடைய உடல் இன்று நகரின் பேராலயத்திலே உள்ளது.

இறைவன் ஏன் மாவியாவை விட்டு வைத்திருக்கின்றார் என்பதற்கு புல்யீசி அடிகளார் விளக்கம் எழுதிக் கொண்டிருக்கவில்லை. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைச் செய்தால் என்ன ஆகும் என்பதே அவர் மக்களிடம் கேட்டு வந்த கேள்வி. மலையிலிருந்து இறங்கிய சவர்க்காரத் தொழிலாளிக்கும் அவருக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலான தூரம் உண்டு. ஆயினும் இருவரும் நடந்த பாதை ஒன்றே.

பற்றி நிற்றல் என்பது

அப்படியாயின் விசுவாசத்தைப் பற்றி நிற்றல் என்றால் என்ன? விளங்காததை விளங்கியதாக நடிப்பது அதுவாகாது. நெஞ்சில் உள்ளதை, கோபமாயினும் கண்ணீராயினும், இறைவன் முன்னிலையிலேயே கொட்டுதல் அதன் முதற்படி. முதுகைக் காட்டிச் செல்பவனிலும் பார்க்க, முகத்துக்கு நேரே வழக்குரைப்பவனே உறவைக் காக்கின்றான். துயருற்றோரின் அருகிலே, விளக்கம் எதுவும் கூறாது அமர்ந்திருத்தல் இரண்டாம் படி. யோபுவின் நண்பர்கள் அந்த ஏழு நாட்களோடு நிறுத்தியிருந்தால் அவர்களை உலகம் வாழ்த்தியிருக்கும். தனித்து நம்ப இயலாத காலத்திலே பிறருடைய நம்பிக்கையின் நிழலில் ஒதுங்கி நிற்றல் மூன்றாம் படி. மலையேறும் முதியவள் களைத்தால், இளையவன் கைகொடுக்கின்றான். விசுவாசத்திலும் அது முறையே.

இவை எல்லாவற்றின் பின்னரும் ‘ஏன்’ என்ற வினா அவ்வாறே நிற்கும். நவாலியிலே மாண்டோர்க்கும் முள்ளிவாய்க்காலிலே மாண்டோர்க்கும் நீதி வேண்டும் என்ற குரலும் அவ்வாறே நிற்கும். மனிதர் செய்த கொடுமைக்கு மனிதரே பொறுப்புக் கூறல் வேண்டும். அப்பொறுப்பை இறைவனின் தலையிலே சுமத்திக் கொடியவர் தப்பிவிட நாம் இடமளிக்கலாகாது. நீதியைத் தேடுவதும் விசுவாசத்தின் செயலே.

பலேர்மோவிலே பிறர் வீட்டு முதியோரைப் பராமரித்தும், வீடுகளைத் துப்புரவு செய்தும் உழைக்கும் எமது உறவுகள், வார இறுதியில் ஓய்வு கொள்ளாது மலையேறுவதன் பொருள் இதுவே. கேட்டது கிடைக்கும் என்ற உறுதி அவர்களிடம் இல்லாதிருக்கலாம். ஆயினும் தம் சுமையை இறக்கி வைப்பதற்கு ஓர் இடம் உண்டு என்பதை அவர்கள் அறிவர். பாறையிலிருந்து சொட்டும் நீரின் ஒலியைத் தவிர வேறு மறுமொழி இல்லாத அக்குகையிலே, அவர்கள் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். இழந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கின்றனர். பின்னர், திங்கட்கிழமையின் வேலைக்காக மலையிறங்குகின்றனர்.